ஓய்வு நேரத்தில் பூத்தையல்



பிழைப்பின் பொருட்டோ, பணி மாற்றத்தின் பொருட்டோ, பெற்ற மக்கள் அழைத்ததன் பொருட்டோ தமிழகத்தை விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியேறியிருக்கும் நமக்குப் பகற்பொழுதைவிட மாலைப்பொழுதே கழிப்பதற்கு அரிதாக இருக்கிறது. பகலில் அலுவலகம் உண்டு, கடைவீதி உண்டு, அடுப்படி உண்டு. மாலையிலோ, ஊரில் இருந்தால் திண்ணையில் வந்து அமரக்கூடிய அண்டை வீட்டார் இங்கே இல்லை. கோயில்வரை நடந்துவிட்டு வரலாம் என்றால், நம் வழிபாட்டு முறைக்குரிய கோயில் இரண்டு பேருந்து மாறிச் செல்லவேண்டிய தொலைவில் இருக்கிறது. கைப்பேசியின் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பதை ஓய்வு என்று சொல்வதற்கில்லை. அதை வைத்துவிட்டு எழும்போது கண்ணும் களைத்திருக்கிறது; மனமும் களைத்திருக்கிறது. அத்தகைய வேளையில் கையில் எடுக்கத்தக்க ஒரு வேலையைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். துணியின்மேல் ஊசியும் நூலும் கொண்டு, இயந்திரத்தின் துணையின்றி, பூக்களை எழுப்பும் பூத்தையலே அது.

‘அது பெண்களுக்குரிய வேலையாயிற்றே’ என்று இப்பொழுதே வானொலியின் ஒலியைக் குறைக்க எழும் ஆடவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறோம். காசுமீரத்துச் சால்வைகளில் சினார் இலையையும் வாதுமைப் பூவையும் ஊசியால் வரையும் கைகள் வழிவழியாகப் பெரும்பாலும் ஆண்களின் கைகளே. சரிகைப் பூவேலை செய்யும் பட்டறைகளிலும் அப்படியே. ஆகவே, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஊசி பிடித்தால் அதில் நாணத்தக்கது யாதொன்றும் இல்லை.

இவ்வேலை மனத்துக்கு ஏன் இதம் தருகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தையல் போடும்போது கண் ஓர் அங்குல இடத்திற்கு அப்பால் செல்வதில்லை. ஊசி இறங்குகிறது, ஏறுகிறது, நூல் துணியினூடே மெல்ல இழுபடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்திற்கு ஏற்ப மூச்சும் தானாகவே நிதானம் அடைகிறது. கவலைகள் அகன்றுவிடுகின்றன என்று சொல்லமாட்டோம். ஆனால் அவை அடுத்த இதழ் முடியும்வரை காத்திருக்கப் பழகுகின்றன. மற்றொன்றும் உண்டு. நாள் முழுவதும் நாம் செய்யும் பல வேலைகளில் செய்தது என்ன என்பது மாலையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. சமைத்தது உண்டு தீர்ந்துவிடுகிறது. எழுதிய கோப்பு வேறு மேசைக்குப் போய்விடுகிறது. அரைமணி நேரம் தைத்த பூவோ துணியின்மேல் இருக்கிறது. பிழையாகத் தைத்தாலும் கேடில்லை. ஊசியின் பின்முனையால் பிரித்து மீண்டும் தைக்கலாம்.

‘எங்களுக்குப் படம் எழுதத் தெரியாதே’ என்பார்கள் சிலர். வாசலில் கோலமிட்டு வளர்ந்த நம் பெண்களுக்கு இந்த அச்சம் பொருந்தாது. புள்ளி வைத்துக் கோடு இழுக்கத் தெரிந்தவர்களுக்கு இழையெண்ணித் தைப்பது புதிதன்று. கருநாடகத்தில் தார்வாட், ஹுப்ளி பக்கம் வாழும் நம்மவர், அங்கே இல்கல் சேலைகளில் செய்யப்படும் கசூதி வேலையைப் பார்த்திருப்பார்கள். துணியில் எதுவும் வரைந்துகொள்ளாமல், நெசவின் இழைகளை எண்ணியே தாமரையையும் துளசி மாடத்தையும் கோபுரத்தையும் அதில் எடுக்கிறார்கள். அதிலுள்ள கவந்தித் தையல், ஓர் இடம் விட்டு ஓர் இடம் தைத்துக்கொண்டே சென்று, திரும்பி வரும்போது விடுபட்ட இடங்களை நிரப்பித் தொடங்கிய இடத்திலேயே முடிவது. முடிச்சு இடுவதில்லை; முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோல் இருக்கும். கம்பிக் கோலத்தின் கோடு புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர்வதை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை காட்டினால் போதும். அங்கே குறுக்குத் தையலுக்கு ‘மெந்தி’ என்று பெயர். நம் வெந்தயந்தான்.

கோலம் போலவே பூத்தொடுப்பதும் நமக்குக் கைவந்தது. பூக்காரியிடம் முழம் போட்டு வாங்கும் அதே அளவே நூலுக்கும் அளவு. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை, அதாவது ஏறத்தாழ 18 அங்குலம், அதற்குமேல் நூலை நறுக்கக்கூடாது. அடிக்கடி கோக்கச் சோம்பி நீள நூல் எடுத்தால், அது சிக்கலாகும். துணியினூடே பலமுறை சென்று வந்து பஞ்சுபோல் நைந்தும் போகும்.

வேண்டிய பொருள்கள் மிகச் சில. நன்கு நெய்த பருத்தித் துணி ஒன்று. புதுத் துணியானால், தைத்தபின் சுருங்காதபடி முன்னதாகவே நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து அல்லது ஆறு அங்குல வளையம் ஒன்று, 7 அல்லது 8 எண்ணுள்ள ஊசிகள், சிறு கத்தரி. நூல் எட்டு மீட்டர்ச் சிட்டமாக, ஆறு இழைகள் சேர்ந்து வரும். மெல்லிய வேலைக்கு அதிலிருந்து இரண்டு இழைகளைப் பிரித்தெடுத்துக்கொள்வது வழக்கம். எந்த ஊர்க் கடைவீதியில் கேட்டாலும் கிடைக்கும் ‘ஆங்கர்’ நூலை நம் நாட்டில் நெடுங்காலம் விற்றுவந்த கம்பெனியின் பெயரிலேயே மதுரை இருக்கிறது என்பதை இடையே சொல்லிவைக்கிறோம். அன்றைய வேலை முடிந்ததும் துணியை வளையத்திலிருந்து கழற்றிவிட வேண்டும். இல்லையேல் வட்டமான மடிப்பு விழுந்து நிலைத்துவிடும்.

இனிப் பூக்களுக்கு வருவோம். தொடங்குவோர் ரோஜாவைத் தொடவேண்டா. அச்சுப் புத்தகங்கள் யாவும் ரோஜாவையே முன்னிறுத்துகின்றன; ஆனால் அடுக்கடுக்கான இதழ்களும் நிழல் வேறுபாடுகளும் உடைய அந்தப் பூ, கை பழகியவர்களுக்கே வசப்படும். நம் வீட்டுக் கொல்லையின் நந்தியாவட்டை போதும். நடுவிலிருந்து ஐந்து தனிச் சங்கிலித் தையல்கள். ஒவ்வொரு சங்கிலியின் நுனியையும் ஒரு சிறு தையலால் துணியோடு பிணைத்துவிட்டால் ஐந்து இதழ்கள் ஆயின. இலையின் காம்புக்குக் காம்புத் தையல்; ஒவ்வொரு தையலும் முந்திய தையலின் பாதியிலிருந்து அதனருகே புறப்படவேண்டும்; நூல் எப்பொழுதும் ஒரே பக்கம் நிற்கவேண்டும். மல்லிகை மொட்டுக்கு ஊசியில் நூலை ஆறேழு முறை சுற்றி, அச்சுற்றுகளை விரலால் பிடித்துக்கொண்டு ஊசியை இழுத்தால் சுருள் முடிச்சு உண்டாகும், அதுவே மொட்டு. செம்பருத்தியின் அகன்ற இதழை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீள நூலால் நிரப்பினால் நூல் தளர்ந்து தொங்கும். அதற்கு நீண்டதும் குறுகியதுமாக மாறிமாறித் தையல் இட்டு, அடுத்த வரிசையை அவற்றின் இடையே நுழைக்கவேண்டும். பூவின் பெயர் போதவில்லை என்று யாரும் முறையிட முடியாது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவற்றுள் பாதியை நாம் கண்ணால் கண்டிருப்போமா என்பது வேறு கேள்வி.

ஆயினும், வெளி மாநிலத்தில் வாழும் நமக்குப் பூத்தையல் தரும் தனிப்பயன் ஒன்று உண்டு. நாம் குடியிருக்கும் ஊரின் கைத்திறனை அவ்வூர்க் கைகளிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம் என்பதே அது.

பஞ்சாபில் உள்ளவர்கள் புல்காரியைப் பாருங்கள். ‘பூவேலை’ என்பதே அச்சொல்லின் பொருள். கையால் நெய்த முரட்டுக் கதர்த் துணியில், முறுக்கேறாத பட்டு நூல் கொண்டு, துணியின் பின்புறத்திலிருந்தே தைப்பார்கள். பூ முன்புறத்தில் மலரும். தைப்பவள் தன் பூவைத் தைக்கும்போது காண்பதில்லை. இழைகளை எண்ணும் எண்ணிக்கையையே நம்பியிருக்கிறாள். துணியே தெரியாதபடி முழுவதும் தைத்தால் அதற்குப் ‘பாக்’, அதாவது பூந்தோட்டம், என்று பெயர். அது முடியப் பல மாதங்கள் ஆகும். ஓராண்டைக் கடப்பதும் உண்டு. பேத்தியின் திருமணத்திற்கென்று தாய்வழிப் பாட்டி தைத்துவைக்கும் சோப் என்னும் மேலாடையும் இவ்வகையைச் சேர்ந்ததே. அவ்வளவு பாடுபட்டுத் தைத்த துணியின் ஒரு மூலையில் பொருந்தாத வண்ணத்தில் ஒரு சிறு பூவை வேண்டுமென்றே வைத்துவிடுவார்கள். கண்ணேறு படாதிருக்க! குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துப் பழகிய நமக்கு இதன் பொருளை எந்தப் பஞ்சாபிப் பாட்டியும் விளக்க வேண்டியதில்லை. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் ஊரும் வீடும் இழந்து வந்த குடும்பங்களுள் இவ்வேலை பெரிதும் நலிந்துபோயிற்று. இன்று கடைகளில் தொங்குபவற்றில் பல இயந்திரத்தின் வேலை.

லக்னோவின் சிக்கன் வேலையோ வேறு வகை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் என்பதே அதன் பழைய முறை. மரஅச்சில் நீலம் தோய்த்துத் துணியில் பூக்கொடிகளைப் பதிப்பார்கள்; அதன்மேல் தைத்து, பின் துவைத்தால் நீலம் கரைந்துபோகும்; தையல் மட்டுமே எஞ்சும். ‘பகியா’ என்னும் தையல் துணியின் அடிப்புறத்தில் இடப்படுவது. மெல்லிய மஸ்லினின் ஊடே அதன் நிழல்தான் மேற்புறத்தில் இதழாகத் தெரியும். ‘முர்ரி’ அரிசிமணி போல் எழுந்து நிற்கும். ‘பந்தா’ தினையளவு முடிச்சு. ‘ஜாலி’ என்னும் சாளர வேலையில் இழையை அறுப்பதும் இல்லை, உருவுவதும் இல்லை. ஊசியால் இழைகளை ஒதுக்கி, சிறு தையல்களால் இறுக்கியே துளைகளை உண்டாக்குகிறார்கள். 2008-இல் இவ்வேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது. நமக்கு ஓய்வாக இருப்பது இவ்வேலையைக் கூலிக்குச் செய்வோருக்கு ஓய்வன்று. லக்னோவிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்குள் அமர்ந்து சிக்கன் தைக்கும் பெண்கள் பலருக்கு, துணி கடைக்கு வந்து விற்கும் விலையில் மிகச் சிறு பங்கே கிடைக்கிறது. துணி கொடுப்பவர், அச்சிடுபவர், வீடுவீடாகப் பங்கிட்டு மீண்டும் வாங்கிச் செல்லும் தரகர், வெளுப்பவர், விற்பவர் என்று கைகள் பல. 1984-இல் லக்னோவில் தோன்றிய சேவா அமைப்பு, தரகர் இன்றித் தைப்பவரே விற்க வழி காணவே முயன்றது. ஆனால் எல்லாக் கைகளையும் ஓர் அமைப்பு எட்டிவிட முடியுமா? மங்கிய விளக்கில், எண்ணிக்கைக்குக் கூலி என்று தைக்கும் பெண்ணுக்கு ஊசி ஏறி இறங்குவதில் எந்த அமைதியும் கிட்டுவதாக நாம் எண்ணிக்கொள்ளலாகாது. நாமே ஓர் இதழைத் தைத்துப் பார்த்தபின், கடையில் ஒரு குர்தாவைக் கையில் எடுத்து, ‘இதற்கா இவ்வளவு?’ என்று கேட்க வாய் எழுவதில்லை. இவ்வேலையைக் கற்றுக்கொள்வதன் பயன்களுள் இதையும் நாம் சேர்த்தே எண்ணுகிறோம். கைவேலைதானா என்று அறிய விரும்புவோர் துணியைத் திருப்பிப் பாருங்கள். இயந்திரத் தையலில் அடிநூல் ஒரே சீராக ஓடியிருக்கும். கைத்தையலின் பின்புறத்தில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவிய நூலும், முடித்த இடமும், தைத்தவளின் வழக்கமும் தெரியும்.

வங்காளத்துக் காந்தா வேலையைப் பற்றிச் சொல்லவேண்டிய முறை எங்களுடையது. ஏனெனில் நாங்கள் கொல்கத்தாவாசிகள். பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் மூன்று நான்கு அடுக்காக விரித்து, ஓட்டுத் தையலால் ஒன்றாகப் பிணைப்பதே காந்தா. அந்நாளில் தைக்கும் நூலையும் பழஞ்சேலையின் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொள்வார்கள். நடுவில் தாமரை, மூலைகளில் மரங்களோ மாங்காய் வடிவங்களோ. குருசதய் தத் (1882–1941) என்னும் அரசு அதிகாரி, பிறர் கந்தல் என்று எண்ணிய இத்துணிகளைச் சிற்றூர்களில் திரட்டிச் சேர்த்தார். அவர் தொகுத்தவை கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, மானதசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்கென்று தைத்தது.

எங்கள் குடியிருப்பில் கும்பகோணத்துப் பாட்டி ஒருவர் மகன் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அகவை எழுபதைக் கடந்தவர். கணவரை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது. மகனும் மருமகளும் காலையில் சென்றால் இருட்டிய பின்பே திரும்புவார்கள். வங்காளி ஒரு சொல்லும் தெரியாது, இந்தியும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் லேக் மார்க்கெட்டிலிருந்து மல்லிகைச் சரம் வாங்கிவந்து கொடுப்போம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னை ஊருக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்களம்மா, இங்கே சுவரைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டேன்” என்பார். மகன் என்ன செய்வார்? ஊரில் பூட்டிக் கிடந்த வீட்டில் தனியே விடுவதற்கு அவருக்கு மனமில்லை. இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. வீட்டில் மனவருத்தம் வளர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வீட்டு வங்காளத்து மூதாட்டி, எல்லோருக்கும் மாஷிமா, பிற்பகல் வேளைகளில் வாசற்கதவைத் திறந்துவைத்துக் காந்தா தைப்பது வழக்கம். அவருடைய பேத்திக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. பாட்டி முதலில் தம் கதவருகே நின்று பார்த்தார். பின்பு அருகே போய் நின்றார். ஒருநாள் மாஷிமா ஒன்றும் பேசாமல் இன்னோர் ஊசியை எடுத்து நீட்டினார். அன்றுமுதல் இருவரும் தத்தம் மொழியிலேயே பேசிக்கொண்டு தைத்தார்கள். ஐப்பசி பிறக்கும் சமயம். துர்க்கா பூஜைக்கு முந்திய நாள்கள். மாஷிமா துணியில் வெள்ளை இதழும் செம்மஞ்சள் காம்புமாக ஒரு சிறு பூவைத் தைத்துக்கொண்டிருந்தார். பாட்டி அதன்மேல் விரலை வைத்து, “பவழமல்லி!” என்றார். மாஷிமா தலையை அசைத்து, “ஷியூலி” என்றார். வடக்கே ஹர்சிங்கார் என்பதும் அதே பூதான். அதன்பின் அவர்கள் இருவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. ஒருவர் ஒரு பூவைத் தைத்து நீட்டுவதும், மற்றவர் தம் மொழியில் அதன் பெயரைச் சொல்வதும், தெரியாத பூவானால் எங்களைக் கூப்பிட்டுக் கைப்பேசியில் படம் காட்டச் சொல்வதுமாக நாள்கள் சென்றன. சில பூக்களின் தமிழ்ப் பெயர் எங்களுக்கும் தெரியவில்லை. பாட்டி எங்களைப் பார்த்த பார்வையை மறப்பதற்கில்லை.

பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த தம் கணவரின் வேட்டிகளைப் பாட்டி ஒருநாள் வெளியே எடுத்தார். கொள்ளுப்பேரக் குழந்தைக்கு ஊரில் என்றால் பழம்புடவையில் தூளி கட்டியிருப்பார்கள். இங்கே அவ்வேட்டிகள் காந்தா ஆயின. நடுவில் தாமரை வைக்கவேண்டும் என்றார் மாஷிமா. பாட்டி கேட்கவில்லை, அங்கே எட்டுப் புள்ளிக் கோலம் ஒன்றை எழுதி அதைச் சுற்றியே தைத்தார். ஊருக்குப் போகவேண்டும் என்பதை அவர் விட்டுவிட்டார் என்று சொல்லமாட்டோம். தை மாதம் போய்த்தான் வந்தார். ஆனால் போகும்போது, தைத்து முடியாத காந்தாவை மாஷிமாவின் வீட்டிலேயே விட்டுச் சென்றார்; இரண்டு மாதம் கழித்துத் தாமே திரும்பி வந்து அதை முடித்தார்.

இன்னும் சில குறிப்புகள் உண்டு. பிற்பகல் வெளிச்சமே இவ்வேலைக்கு நல்லது. வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடத்தோளின் மேலாக ஒளி விழும்படி அமரவேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழலே ஊசியின்மேல் விழும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை தலையை நிமிர்த்திச் சன்னலுக்கு வெளியே தொலைவிலுள்ள ஏதேனும் ஒன்றைப் பாருங்கள். நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணாடியைக் குறித்துக் கூச்சப்பட வேண்டா. ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைப்பது குழந்தைகள் தவழும் வீட்டில் இன்றியமையாதது. தைத்ததை உடனே படம்பிடித்து உறவினர் அனைவருக்கும் அனுப்பி, அவர்கள் தைத்ததோடு ஒப்பிட்டு வருந்துவோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, பொழுதுபோக்கிலும் தேர்வு எழுதவேண்டுமா என்பதே.

முதல் பூவுக்கு ஒரு கைக்குட்டை போதும். சிவப்பு நூல் எடுப்பதாயின், தைக்குமுன் ஈரமான வெள்ளைத் துணியில் அதைச் சற்று அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்நூலை விட்டுவிடுங்கள். முடித்த துணியைக் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்புறமாக இஸ்திரி போடவேண்டும். மேற்புறத்தில் சூடு பட்டால் எழுந்து நிற்கும் இதழ்கள் தட்டையாகிவிடும்.